அட்டைப்படத்தின் இடது தோள்

முப்பத்தாறு வயதுக்குள் நான் இரண்டு முறை ஓய்வு பெற்றுவிட்டேன். முதல் ஓய்வு மாடலிங்கிலிருந்து. அதற்கு யாரும் மாலை போடுவதில்லை. ஃபோன் வருவது நின்றுபோகும், அவ்வளவுதான். இரண்டாவது ஓய்வு போன மாதம். பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த ஃபேஷன் பத்திரிகை அச்சிடுவதை நிறுத்தியது. இனி இணையத்தில் மட்டும் வரும். அதற்குத் தேவையான படங்களை மென்பொருளே செய்துவிடும் என்று கூட்டத்தில் சொன்னார்கள். கிரியேட்டிவ் டைரக்டர் என்ற என் பதவியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததைப் புரிந்துகொள்ள எனக்கு அனுபவம் இருந்தது.

என் குழுவில் இருந்த இளைஞர்கள் பிரிவுபசாரத்தில் கேட்டார்கள்: "அக்கா, ஃபோட்டோ ஷூட் எல்லாம் எப்படி இருக்கும்னு எழுதுங்களேன். நாங்க பாதிப் பேர் ஷூட்டே பார்த்ததில்ல." உண்மைதான். கடைசி இரண்டு ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் கணினித் திரையில்தான் எல்லாம் பார்த்தார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். ஆங்கிலப் பத்திரிகைக்கு உழைத்தே காலம் போனதால் இதையாவது தமிழில் எழுதலாம் என்று தோன்றியது.

ஆரம்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் கிருஷ்ணகிரி. பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். கல்லூரி விழா மேடையில் நான் நடந்து வந்ததைப் பார்த்து ஒரு புடவைக் கடைக்காரர் விளம்பரத்துக்குக் கூப்பிட்டார். படிப்பு முடிந்ததும் வைட்ஃபீல்டில் டெஸ்ட் எஞ்சினியராக ஒரு வருடம் இருந்தேன். வார நாட்களில் சர்க்யூட் போர்டில் பழுது தேடுவேன். சனி ஞாயிறுகளில் என் உடம்பில் மற்றவர்கள் பழுது தேடுவார்கள். இரண்டாவது வேலையில் சம்பளம் அதிகமாக இருந்ததால் முதலாவதை விட்டேன். ஓசூர் ரோட்டில் என் முகம் போட்ட விளம்பரப் பலகை வந்தபோது அம்மா பஸ்ஸில் வந்து பார்த்தாள். "எல்லாரும் உன்னைத்தான் பார்த்தாங்க. நான் மட்டும் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன்" என்றாள். வருத்தமா பெருமையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த ஆண்டுகளில் அதிகமாக என் காதில் விழுந்த வார்த்தை "லெஃப்ட் ஷோல்டர்." என் இடது தோள் வலது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். நடை சொல்லிக்கொடுத்தவர் மேடைக்குக் கீழே நின்று அதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் தூக்கிப் பிடிப்பேன். எஞ்சினியர் மூளை என்பதால் அதை ஒரு வரிசையாக வைத்துக்கொண்டேன்: முதலில் தாடை, பிறகு மூச்சு, பிறகு தோள், கடைசியாகக் கண். கேமரா பார்க்கும்போதெல்லாம் இந்த வரிசை உள்ளே ஓடும். தோளை நேராக வைத்திருப்பதுதான் என் தொழில் என்றே பல நாள் நினைத்திருக்கிறேன்.

ஃபோன் வருவது குறைந்த காலத்தில் ஒரு ஷூட்டில் விளக்குகள் எங்கே நிற்க வேண்டும் என்று நான் சொல்லப்போக, அங்கே இருந்த பத்திரிகை ஆசிரியர் வத்ஸலா மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நிக்கறதை விட நிக்க வைக்கறது உனக்கு நல்லா வருது. நாளைக்கு ஆபீஸ் வா" என்றார். அப்படித்தான் கேமராவின் மறுபக்கம் வந்தேன்.

வத்ஸலா மேடத்தின் குடும்பம் பல தலைமுறைகளாக மல்லேஸ்வரத்தில் இருக்கிறது. தாத்தா சமஸ்தான உத்தியோகத்தில் இருந்தவர். மேடம் ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். திட்டுவதாக இருந்தால் ஆங்கிலம். ஆனால் எதையும் மோசம் என்று சொல்லமாட்டார். "ஸ்வல்ப யோசி" என்பார். கொஞ்சம் யோசி என்று அர்த்தம். அதைக் கேட்டால் மொத்தத்தையும் மறுபடி செய்ய வேண்டும் என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

பக்கங்களை அவர் பார்க்கும் முறை தனி. புரூஃப் வைக்கும் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி கிடையாது. நின்றுதான் பார்க்க வேண்டும். படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைப்பார். நேராகப் பார்த்தால் முகம் நம்மை ஏமாற்றிவிடும், தலைகீழாக வைத்தால்தான் உடம்பு எப்படி நிற்கிறது என்று தெரியும் என்பது அவர் கணக்கு. எல்லாம் முடிந்த பிறகு, யார் படம் எடுத்தார், யார் மேக்கப், யார் மாடல் என்று சிறிய எழுத்தில் வருமே, அந்தப் பெயர் வரியைச் சத்தமாகப் படிப்பார். அதில் பொய் இருக்கக் கூடாது. படத்தில் ஆயிரம் பொய் இருக்கலாம், அது எங்கள் தொழில். பெயர் வரியில் ஒன்றும் கூடாது. அவர் போட்ட இன்னொரு விதி, எந்த மாடலையும் சொல்லாமல் தொடக் கூடாது. புடவை மடிப்பைச் சரிசெய்வதாக இருந்தாலும் "தொடட்டுமா?" என்று கேட்ட பிறகுதான்.

ஷூட் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முன்பக்கம் மட்டும்தான் நிஜம். பத்திரிகைக்கு வரும் உடைகள் ஒரே அளவில் வரும்; பெண்கள் ஒரே அளவில் வருவதில்லை. எனவே ரவிக்கையை முதுகுப் பக்கம் இழுத்துப் பிடித்துக் கிளிப் போடுவோம். துணிக்கடையில் பொம்மைக்குப் போடுவது போலத்தான். செருப்பின் அடியில் டேப் ஒட்டுவோம், தேயாமல் திருப்பிக் கொடுப்பதற்காக. கிரீடம் போல் தெரியும் கொண்டைக்கு உள்ளே பழைய ஸாக்ஸ் இருக்கும். மாடல் திரும்பினால் முதுகெல்லாம் இரும்பு. நான் மாடலாக இருந்த காலத்தில் ஷூட் முடிந்து கிளிப்புகளை எடுக்கும்போதுதான் மூச்சு விடுவேன்.

கல்யாணச் சிறப்பிதழ் ஷூட்டில் இன்னொரு கிளிப் உண்டு. அதைத் தாலிக்குப் போடுவார்கள். கல்யாணமாகாத பெண்ணின் கழுத்தில் படத்துக்காகக்கூட முடிச்சுப் போடுவதில்லை. மஞ்சள் கயிற்றின் இரண்டு முனைகளையும் பின்கழுத்தில் சேர்த்து, ஒரு சின்னக் கிளிப்பால் பிடித்து, முடிக்குள் மறைத்துவிடுவார்கள். இதை எங்கும் எழுதி வைத்ததில்லை. மேக்கப் செய்யும் ஷாகிரா அக்காதான் இதில் கண்டிப்பு. சிவாஜி நகர்க்காரி. "எங்க வீட்டுல இதெல்லாம் இல்லம்மா. ஆனா பொண்ணுங்க முகம் எனக்குத் தெரியும். கிளிப்னா சிரிக்குதுங்க, முடிச்சுன்னா கை நடுங்குதுங்க" என்பார்.

இனி நான் சொல்ல வந்த ஷூட்.

அந்த வருடக் கல்யாணச் சிறப்பிதழின் அட்டையில் மணப்பெண்ணின் முகம் வேண்டாம் என்று மேடம் முடிவு செய்தார். எல்லாப் பத்திரிகையிலும் ஒரே முகம், ஒரே சிரிப்பு. நமக்குப் பின்கழுத்து போதும்: மல்லிகைச் சரம், குனிந்த தலை, தாலி கட்டும் இரண்டு கைகள். உள்ளே பத்துப் பக்கங்களில் முகம் வரட்டும். நல்ல யோசனை. நான் வரைந்து காட்டினேன், நகைகளை இரவல் தரும் நகைக்கடைக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள், ஏஜென்சிக்கு விவரம் போனது. மணப்பெண் அலங்காரம், தாலியுடன் என்று இருந்தது. முன்பக்கத்தையே எடுத்துப் பழகிய எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, பின்பக்கம்தான் கிளிப் இருக்கும் இடம் என்று.

மாடல் தேவிகா. இருபத்திரண்டு வயது. தாசரஹள்ளியில் அம்மாவோடு இருந்தாள். அப்பா பீன்யாவில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர், அவள் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அதுவரை கடை விளம்பரங்கள்தான் செய்திருந்தாள். இது அவளுடைய முதல் அட்டைப்படம். மாடலுக்கு முதல் அட்டை என்பது பெயருக்கு முன்னால் வரும் பட்டம் மாதிரி. அதற்குப் பிறகு ஏஜென்சியில் அவளை வேறு வரிசையில் வைப்பார்கள்.

ஸ்டுடியோவும் பீன்யாவில்தான், மூடிப்போன பட்டறை ஷெட் ஒன்றை வெள்ளையடித்து மாற்றியது. காலையில் முகப் படங்கள் நன்றாக வந்தன. தேவிகாவுக்கு வெளிச்சம் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. செடி மாதிரி தானே திரும்புவாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அட்டைப்படம். மாப்பிள்ளையாக நடிக்கும் நிகில் பின்னால் வந்து நின்றான். ஷாகிரா அக்கா முடியை ஒதுக்கினார். புகைப்படக்காரர் கேமராவில் கண் வைத்தார், நிமிர்ந்தார்.

"கிளிப் தெரியுதே" என்றார்.

எல்லோரும் கிளிப்பைப் பார்த்தோம். கறுப்பாக, சின்னதாக, மஞ்சள் கயிற்றின் நடுவில் இருந்தது.

கிளிப்பை எடுத்துவிட்டு, முடிச்சுப் போடாமல் கயிற்றின் முனைகளை நிகில் இழுத்துப் பிடித்தால் போதுமா என்று முயன்றோம். திரையில் பார்த்த ஷாகிரா அக்கா, "இது கல்யாணம் மாதிரி இல்லம்மா. செயின் அறுக்க வந்தவன் மாதிரி இருக்கான்" என்றார். நிகில் உட்பட எல்லோரும் சிரித்தோம். தேவிகா மட்டும் சிரிக்கவில்லை. முடிச்சைப் பிறகு கணினியில் வரைந்துகொள்ளலாமா என்று கேட்டேன். விரல்கள் எதையாவது இறுக்கினால்தான் இறுக்குவது போல இருக்கும், காற்றை இறுக்கும் விரலை வரைந்து சரிசெய்ய முடியாது என்றார் புகைப்படக்காரர். அவர் சொன்னது சரி.

தேவிகாவின் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"எதை வேணும்னாலும் போட்டுக்கறேன்க்கா. முடிச்சு மட்டும் வேணாம்" என்றாள்.

"படத்துக்குத்தானே."

"தெரியும்க்கா. வேணாம்."

குரல் உயரவில்லை. கெஞ்சவும் இல்லை. வெளியே போய் வத்ஸலா மேடத்துக்கு ஃபோன் செய்தேன். அவர் முழுவதும் கேட்டார். விவரத்தில் தாலி என்று எழுதியிருந்தோம், அவள் பார்த்து ஒப்புக்கொண்டாள், நகைகள் சாயங்காலம் திரும்பிப் போக வேண்டும், இன்னொரு நாள் கிடைக்காது என்றார். எல்லாம் நான் அறிந்தவைதான். "ஏஜென்சிக்குச் சொல்லி வேற பொண்ணை வரவழை. பாவம்தான், ஆனா பேறே தாரி இல்ல" என்றார். வேறு வழியில்லை.

வேறு பெண் வந்தால் என்ன நடக்கும் என்று மனத்துக்குள் வரிசைப்படுத்தினேன். காலையில் எடுத்த முகப் படங்கள் போகும். மணப்பெண் ஒருத்தியாகத்தானே இருக்க வேண்டும். தேவிகாவுக்கு அட்டையும் போகும், பத்துப் பக்கமும் போகும். மூன்றாவது விஷயத்தை யாரும் எழுதமாட்டார்கள். ஏஜென்சியில் ஒரு வார்த்தை சொல்வார்கள்: "டிஃபிகல்ட்." அந்த வார்த்தை விழுந்த பெண்ணை அதன் பிறகு எந்த ஷூட்டிலும் பார்க்க முடியாது. என்னோடு மேடையில் நடந்த ஒருத்திக்கு அது விழுந்தது. நீச்சல் உடை வேண்டாம் என்று ஒரு முறை சொன்னாள், அவ்வளவுதான்.

ஷெட்டுக்குள் திரும்பி வந்தேன். ஷாகிரா அக்காவிடம், "என் கழுத்து சரிப்படுமா?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் திருப்பி நிறுத்திப் பார்த்தார். "நிறம் ஒண்ணுதான். நீளமும் இருக்கு. சவுரி வெச்சா போதும்" என்றவர், குரலைத் தாழ்த்தி, "உனக்கும்தான் கல்யாணம் ஆகலையே" என்றார்.

"எனக்குப் பரவாயில்லக்கா."

பரவாயில்லை என்று நான் நிஜமாகவே நினைத்தேன். எனக்கு அது ஒரு பருத்திக் கயிறு, மஞ்சள் பூசியது. தேவிகாவின் புடவையைக் கட்டி, அவள் தலையில் இருந்த பூவை என் தலைக்கு மாற்றினார்கள். நான் முக்காலியில் உட்கார்ந்தேன். இப்போது நிகில் தயங்கினான்.

"மேடம், நீங்களா? எனக்குக் கல்யாணமாகி ரெண்டு மாசம்தான் ஆகுது."

"என்னைப் பாக்காதே நிகில். கயித்தைப் பாரு."

"ஒரு நிமிஷம் மேடம். வைஃப்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்." வெளியே போனான். கன்னடத்தில் ரொம்ப நேரம் சமாதானம் சொல்லும் குரல் கேட்டது. திரும்பி வந்தவன் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "ரெண்டு முடிச்சுக்குப் பர்மிஷன் கிடைச்சிருக்கு. மூணாவது கூடவே கூடாதாம்."

"படத்துக்கு ரெண்டு போதும்" என்றார் புகைப்படக்காரர்.

தலையைக் குனிந்தேன். பல வருடங்களுக்குப் பிறகு கேமராவுக்கு முன்னால். வரிசை தானாக ஓட ஆரம்பித்தது: தாடை, மூச்சு. அப்போது பின்கழுத்தில் கயிறு இறுகியது. ஈரமாக இருந்தது, விரல் நழுவாமலிருக்க நனைத்திருந்தார்கள். முதல் முடிச்சு விழுந்தது. கேமராவின் சத்தம் மட்டும். இரண்டாவது முடிச்சின்போது நான் கண்ணை மூடியிருந்தேன். தோள் என்ற வார்த்தை வரிசையில் வரவே இல்லை.

படம் கிடைத்துவிட்டது. நிகில் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தான். சவுரியும் பூவும் எடுத்தார்கள். தாலியை மட்டும் யாரும் தொடவில்லை. தலை வழியாகவே கழற்றிவிடலாம், அவிழ்க்கக்கூட வேண்டாம். ஆனாலும் ஷாகிரா அக்கா பிரஷ்களைக் கழுவப் போனார். உதவிக்கு இருந்த பெண், அயர்ன் பாக்ஸ் சூடாக இருக்கிறது என்று எதையோ சொல்லி விலகினாள். நானே எடுத்திருக்கலாம். என் கை மேலே போகவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

பின்னால் தேவிகாவின் குரல் கேட்டது. "அக்கா, தொடட்டுமா?"

தலையசைத்தேன். கயிற்றை இரண்டு கையாலும் தூக்கி, காதில் படாமல், முடியில் சிக்காமல் மேலே கொண்டுபோனாள். பழகிய கை மாதிரி இருந்தது.

"கட்டறதுக்குத்தான் மாட்டேன்னேன்" என்றாள். "எடுக்கறது எனக்குத் தெரியும்க்கா. அம்மாவுக்கு நான்தான் எடுத்தேன். அத்தைங்க கூட்டமா வந்து பண்ண வேணாம்னு கதவைச் சாத்திட்டு எடுத்தேன்."

அவள் அந்தக் கயிற்றை முடிச்சோடு கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். பிறகு போய்த் தன் சுடிதாரைப் போட்டுக்கொண்டாள்.

வத்ஸலா மேடத்திடம் படம் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தேன். புரூஃப் வந்த அன்று அவர் மேசைக்கு எதிரே நின்று அட்டையைத் தலைகீழாகத் திருப்பினார். எப்போதும் பார்ப்பதைவிட அதிக நேரம் பார்த்தார்.

"இது அந்தப் பொண்ணு இல்ல" என்றார். "இடது தோள் இறங்கியிருக்கு."

நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. படத்தை நேராகத் திருப்பி வைத்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல தோளை ஏத்தச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "நானும் அதான் நினைச்சேன்" என்றார்.

பிறகு பெயர் வரி. அட்டையில் மாடல் தேவிகா என்று அச்சாகியிருந்தது. அதைச் சத்தமாகப் படிக்க வாயெடுத்தவர் நிறுத்தினார். தேவிகா என்றால் பொய். என் பெயர் என்றால் கிருஷ்ணகிரியில் அம்மா பார்ப்பாள். அவள் அந்தப் பத்திரிகையை வாங்குவது என் பெயர் வரும் இடத்தைப் பார்க்கத்தான். மேடம் பேனாவை எடுத்து அந்தச் சொற்களை அடித்தார். புகைப்படம், மேக்கப், உடை, நகை எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. அட்டைப்பட மாடல் என்ற வரியே இல்லாமல் இதழ் வந்தது. எனக்குத் தெரிந்து அப்படி வந்த ஒரே இதழ்.

ஆக, தேவிகாவுக்கு அந்த வார்த்தை விழவில்லை. உள்ளே பத்துப் பக்கம் அவள் முகம் வந்தது, தொடர்ந்து வேலையும் வந்தது. ஆனால் முதல் அட்டை போய்விட்டது. அவள் நினைத்திருந்தால் தன் ஆல்பத்தில் அதை வைத்திருக்கலாம். கழுத்தைப் பார்த்து யார் கண்டுபிடிப்பார்கள்? ஒரு தடவை வேறு ஷூட்டுக்காக அவளுடைய ஆல்பத்தைப் புரட்டினேன். பத்துப் பக்கங்களும் இருந்தன. அட்டை இல்லை. கேட்டதற்கு, "அது என்னோடது இல்லையேக்கா" என்றாள். அடுத்த அட்டை அவளுக்கு வரவே இல்லை. நான் இரண்டு முறை பேர் கொடுத்துப் பார்த்தேன். நகைக்கடைக்காரர்களுக்கு அப்போது மும்பை முகம் வேண்டியிருந்தது. இப்போது வைட்ஃபீல்டில் கல்யாண உடைக் கடை ஒன்றைப் பார்த்துக்கொள்கிறாள். வருகிற மணப்பெண்களுக்கு அளவு எடுப்பதற்கு முன்னால் தொடட்டுமா என்று கேட்பதாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகும் எத்தனையோ ஷூட். வத்ஸலா மேடம் ஓய்வு பெற்றார். மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி வந்தது, பிறகு மேசை போய்ப் பெரிய திரை வந்தது. ஷூட்டுகள் குறைந்தன. ஷாகிரா அக்கா கல்யாண வீடுகளுக்கு மேக்கப் செய்யப் போகிறார். அங்கே கிளிப்பே கிடையாது, எல்லாம் நிஜம், அதனால் களைப்பு அதிகம் என்கிறார். எனக்குக் களைப்பு வேறு மாதிரி. செய்த வேலையின் களைப்பு தூங்கினால் போகும். இது போவதில்லை.

பிரிவுபசாரத்தன்று என் குழுவினர் சட்டம் போட்ட ஒரு படத்தைக் கொடுத்தார்கள். பழைய இதழ்களையெல்லாம் மென்பொருளுக்குக் காட்டி, நான் செய்த அட்டைகளில் மிகவும் பேசப்பட்டதைப் புதிதாகச் செய்யச் சொல்லியிருந்தார்கள். அதே பின்கழுத்து, மல்லிகை, இரண்டு கைகள். அன்போடு செய்தது. "பத்தே நிமிஷம்தான்க்கா. மாடல் வேணாம், யாரையும் கேட்க வேணாம்" என்றாள் அதைச் செய்த பெண். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது. பழக்கத்தில் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். விரல்கள் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தன. அந்த முடிச்சுக்கு முனைகள் இல்லை. கயிறு ஒரு பக்கம் உள்ளே போய் இன்னொரு பக்கம் வெளியே வந்து தன்னோடு கலந்துவிட்டது. அதைக் கட்டியிருக்கவும் முடியாது, அவிழ்க்கவும் முடியாது.

வீடு திரும்பும்போது மெட்ரோவில் அதைப் படம் பிடித்துத் தேவிகாவுக்கு அனுப்பினேன், ஒன்றும் எழுதாமல். இரண்டு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் அவளிடமிருந்து குரல் பதிவு வந்தது. பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம்.

"யாரு அக்கா இது? நம்ம அட்டை மாதிரியே இருக்கு. ஆனா தோள் நேரா இருக்கே."

நம்ம அட்டை என்றாள். பதிவை இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டேன். என் ஸ்டேஷன் வந்தது. சட்டம் கனமாக இருந்தது. அதை வைத்திருந்த பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு, தோள் இறங்கியபடியே இருக்க, படியில் இறங்கினேன்.